மேல்முறையீட்டு நீதிபதி ஆக எந்தப் பரீட்சை எழுத வேண்டும்?

டாலஸ் அருகே வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் எடுத்திருக்கிறாள். ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஆக வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் கணவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம், இந்த உலகம் எங்களுக்குத் தெரியாது. அவள் திருச்சியில் பிறந்தவள். போன வருஷம்தான் எல்லோருக்கும் கிரீன் கார்டு வந்தது. என் மாமனார் ஊரில் முன்சீப்பாகச் சேர்ந்து மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெற்றவர். 'அங்கே பரீட்சை எப்போ நடத்துறாங்க, விசாரிச்சுச் சொல்லு' என்கிறார். ஹார்வர்டு, யேல் இல்லாமல் முடியாதா? ஏதாவது ஒரு கட்சியில் சேர வேண்டுமா? நம்மவர்கள் யாராவது அங்கே போயிருக்கிறார்களா? செலவழித்துப் படிக்கவைத்து, கடைசியில் கிடைக்காமல் போனால் அவள் என்ன செய்வாள்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான் அமெரிக்காவில் மேல்முறையீட்டு வழக்குகளையே தொழிலாக வைத்திருக்கும் வக்கீல். உங்கள் மகள் ஆசைப்படும் நாற்காலிக்கு எதிரே நின்று பேசுவதுதான் என் பிழைப்பு. அந்த நாற்காலிக்கு எப்படிப் போகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் மாமனார் கேட்டதற்கு முதலில் பதில். பரீட்சை கிடையாது. தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுதி, சிவில் நீதிபதியாகச் சேர்ந்து, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று சீனியாரிட்டிப்படி மேலே போகும் ஏணி ஒன்று இருக்கிறது. அவர் அதில் ஏறியவர், அதனால் இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைப்பது நியாயம்தான். அமெரிக்க ஃபெடரல், அதாவது மத்திய நீதித்துறையில் அந்த மாதிரி ஏணி இல்லை. தேர்வு, தரவரிசை, காத்திருப்போர் பட்டியல் எதுவும் இல்லை. அதிபர் ஒருவரை முன்மொழிகிறார், செனட் ஓட்டுப் போடுகிறது, அவ்வளவுதான். மாவட்ட நீதிமன்றத்தில் எத்தனை வருஷம் நல்ல பெயரோடு இருந்தாலும் பதவி உயர்வு உரிமையாக வராது. மாவட்ட நீதிபதியாக ஒருநாள்கூட இருக்காத ஒருவர் நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வரலாம், பலர் வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று சொன்னால் அவர் ஆச்சரியப்படுவார். ஃபெடரல் நீதிபதிக்கு என்ன தகுதி வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆக பத்து வருஷ வக்கீல் அனுபவமோ நீதித்துறைப் பணியோ வேண்டும், 62 வயதில் ஓய்வு என்றெல்லாம் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. இங்கே குறைந்தபட்ச வயது, சட்டப் பட்டம், குடியுரிமை எதைப் பற்றியும் பேச்சு இல்லை. நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவி, பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது என்று மட்டும் இருக்கிறது. அதாவது ஆயுள் முழுக்க. எழுதிவைத்த தகுதி எதுவும் இல்லாததால், எழுதாத தகுதிகள்தான் இங்கே ஆட்சி செய்கின்றன. உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது அவற்றைத்தான்.

அதற்கு முன்னால், அவள் கேட்பது என்ன வேலை என்பதை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். நாடு முழுவதும் 13 ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், மொத்தம் 179 நிரந்தர இடங்கள். ஒவ்வொரு நீதிமன்றத்தையும் அதன் எல்லையையும் சர்க்கியூட் என்பார்கள். டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்றும் ஐந்தாவது சர்க்கியூட்டில் வருகின்றன. அதன் தலைமையிடம் நியூ ஆர்லியன்ஸ், அங்கே 17 இடங்கள். இந்த நீதிமன்றங்களுக்கெல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 40,000 மேல்முறையீடுகள் வருகின்றன. உச்ச நீதிமன்றம் வருஷத்துக்குக் கேட்பது அறுபதை ஒட்டிய வழக்குகள்தான். ஆகவே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகிற மனிதர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் கடைசிப் படி. சிறைக்குப் போனவர், வேலை இழந்தவர், நாடு கடத்தல் உத்தரவை எதிர்த்து நிற்பவர் என்று யாராக இருந்தாலும், மூன்று நீதிபதிகள் எழுதும் பத்து இருபது பக்கங்களில் அவர்கள் கதை முடிந்துவிடும். இந்தப் பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கனத்தை முதலிலேயே உணர்ந்துவிடுவது நல்லது.

ஆனால் சினிமாவில் பார்க்கும் கோர்ட் இதுவல்ல. சாட்சி, ஜூரி, குறுக்கு விசாரணை ஒன்றும் கிடையாது. கீழ்க் கோர்ட்டில் நடந்தது அத்தனையும் காகிதமாக வரும். இரண்டு தரப்பு வக்கீல்களும் எழுத்து வாதம் தாக்கல் செய்வார்கள், முதன்மை வாதம் 13,000 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் வாய்மொழி வாதம் இல்லாமலே முடிந்துவிடும். வாதம் நடக்கும் வழக்கிலும் ஒரு தரப்புக்குப் பதினைந்து, இருபது நிமிஷம் கிடைத்தால் பெரிது. அதிலும் முதல் வாக்கியம் முடிவதற்குள் கேள்வி வந்துவிடும்.

ஒரு நீதிபதியின் சாதாரணமான ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வுக்கான வழக்குகளின் வாதங்கள் மேஜையில் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவருடைய லா கிளார்க், அதாவது அவர் அறையில் வேலை பழகும் இளம் சட்டப் பட்டதாரி, ஒரு குறிப்பு எழுதித் தந்திருப்பார். பெஞ்ச் மெமோ என்பார்கள். முதல் கேள்வியே, கீழ்க் கோர்ட் முடிவை எந்த அளவுகோலால் பார்ப்பது என்பதுதான். சாட்சியை நம்புவதா வேண்டாமா என்பது போன்ற உண்மை விவரங்களில், தெளிவான பிழை இருந்தால் ஒழிய மேல்முறையீட்டு நீதிபதி கை வைக்க மாட்டார். சட்டக் கேள்வி என்றால் யார் என்ன சொல்லியிருந்தாலும் புதிதாகப் பார்ப்பார். 'நானாக இருந்தால் வேறு மாதிரித் தீர்ப்புச் சொல்லியிருப்பேன், ஆனால் இதை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டிய வழக்குகள் ஏராளமாக வரும். வாதம் முடிந்ததும் மூன்று நீதிபதிகள் மட்டும் ஓர் அறையில் உட்கார்ந்து ஓட்டை எண்ணிப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் தீர்ப்பு எழுத வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வரைவு மற்ற இருவருக்கும் போகும். 'இந்தப் பத்தியை எடுத்தால் நான் சேர்ந்துகொள்கிறேன்' என்று பதில் வரும். எடுப்பதா, விட்டுவிட்டு அவர் தனியாக எழுதட்டும் என்பதா? அந்த வேலையில் பாதி இதுதான்.

வாசிப்பதும் எழுதுவதும் தனியாக இருப்பதும் உங்கள் மகளுக்குப் பிடிக்குமா? டிபேட்டில் கப் வாங்கியவளா என்று நான் கேட்கவில்லை. பேசப் பிடிக்கும், மேடை பிடிக்கும் என்றால் விசாரணைக் கோர்ட் வக்கீல் தொழில் அவளுக்கு இதைவிடச் சந்தோஷம் தரும். நாள் முழுக்க ஒரே வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருப்பது சுகமாக இருக்கும் என்றால் அவள் சரியான திசையில் பார்க்கிறாள்.

சரி, நம்மவர்கள் யாராவது? இருக்கிறார்கள். ஸ்ரீ சீனிவாசன் என்று அழைக்கப்படும் ஸ்ரீகாந்த் சீனிவாசன். பூர்வீகம் திருநெல்வேலி பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரம். 1967இல் சண்டிகரில் பிறந்தார். அப்பா கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், அதனால் வளர்ந்தது கான்சாஸின் லாரன்ஸ் நகரத்தில். ஸ்டான்ஃபோர்டில் இளங்கலை, அங்கேயே சட்டமும் எம்.பி.ஏ.வும். பிறகு நான்காவது சர்க்கியூட்டில் நீதிபதி ஹார்வி வில்கின்சனிடம் கிளார்க், உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ'கானரிடம் கிளார்க். ஒரு பெரிய சட்ட நிறுவனம், அப்புறம் ஐந்து வருஷம், உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம், மறுபடி அதே நிறுவனத்தில் பங்குதாரர், மறுபடி சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் முதன்மைத் துணை. உச்ச நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் நின்று வாதாடினார். 2012 ஜூனில் வாஷிங்டன் டி.சி. சர்க்கியூட்டுக்கு ஒபாமா முன்மொழிந்தார். 2013 மே 23 அன்று செனட்டில் 97 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஓர் ஓட்டுகூட இல்லை. தெற்காசிய வம்சாவளியில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதியான முதல் ஆள் அவர்தான். 2020இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். இந்தியாவில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்து சேர்ந்தவர் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். திருச்சியில் பிறந்தது எந்தத் தடையும் இல்லை. ஐந்தாவது சர்க்கியூட்டிலேயே ஜேம்ஸ் ஹோ என்ற நீதிபதி தைவானில் பிறந்தவர். அவர் டெக்சாஸ் மாநிலத்தின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்துவிட்டு வந்தார், அதுவும் இப்போது நன்றாகத் தேய்ந்த ஒரு பாதை.

சீனிவாசனின் கதையைப் படித்தால் ஒவ்வோர் அடியும் திட்டம் போட்டு வைத்தது மாதிரித் தெரியும். அதை மட்டும் பார்த்தால் ஸ்டான்ஃபோர்டு இல்லாதவர்களுக்குக் கதவு மூடியிருக்கிறது என்று தோன்றிவிடும். அதனால் உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்கிறேன். இர்மா ராமிரெஸ். மேற்கு டெக்சாஸின் பிரவுன்ஃபீல்டில் பிறந்தவர், மெக்சிகோவிலிருந்து விவசாயக் கூலியாக வந்தவரின் மகள். படித்தது வெஸ்ட் டெக்சாஸ் ஸ்டேட், பிறகு உங்கள் டாலஸிலேயே சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம், 1991இல் முடித்தார். நாலு வருஷம் ஒரு சட்ட நிறுவனம். 1995 முதல் ஃபெடரல் அரசு வக்கீல். 2002இல் டாலஸ் ஃபெடரல் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் நீதிபதி. அந்தப் பதவியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஜாமீன் மனு, சிறைக் கைதிகளின் மனு, சாட்சியப் பரிமாற்றத் தகராறு என்று யாரும் செய்தியாக்காத வேலைகள். 2023இல் பைடன் அவரை ஐந்தாவது சர்க்கியூட்டுக்கு முன்மொழிந்தார். டெக்சாஸின் இரண்டு குடியரசுக் கட்சி செனட்டர்களும் ஆதரித்தார்கள், செனட்டில் 80க்கு 12. அந்த நீதிமன்றத்தின் முதல் லத்தீன் அமெரிக்கப் பெண் நீதிபதி. டாலஸில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இருபது வருஷமாக என்ன சொல்லிவந்தார்களோ அதுதான் அந்த 80 ஓட்டு.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த வழியில் ஏறக்குறைய ஒற்றுமையே இல்லை. இருவரும் இருந்த ஒவ்வொரு இடத்திலும், அந்த வேலையை அந்த வேலைக்காகவே செய்தார்கள். இன்னொரு நாற்காலிக்கான காத்திருப்பு அறையாக அதை நினைக்கிற ஆளை இந்தத் தொழிலில் எல்லோரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். நீதிபதி நியமனம் என்றால் எஃப்.பி.ஐ. பின்னணி விசாரிக்கும், அமெரிக்க வக்கீல் சங்கத்தின் குழுவும் பல காலமாக எதிர்த் தரப்பு வக்கீல்களுக்கெல்லாம் போன் செய்து 'ஆள் எப்படி?' என்று கேட்டுவந்திருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் கால அவகாசம் கேட்டுக் கெஞ்சியபோது மரியாதையாக நடந்துகொண்டாரா என்பது அங்கே வெளியே வரும்.

உங்கள் ஹார்வர்டு கேள்விக்கு முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். பெயர் பெற்ற சட்டக் கல்லூரி உதவுமா? உதவும், அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. ஏன் உதவுகிறது என்றால், கிளார்க் வேலைக்கு. சட்டப் படிப்பு முடித்ததும் ஒரு நீதிபதியின் அறையில் ஒரு வருஷம் உட்கார்ந்து, வழக்குகளைப் படித்து, குறிப்பெழுதி, தீர்ப்பு வரைவுகளில் கை வைக்கும் வேலை அது. ஊரில் ஜூனியராக ஒரு சீனியரிடம் சேர்வார்களே, அதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள், சீனியர் இங்கே நீதிபதி. மேல்முறையீட்டு நீதிபதிகளில் பலர் இப்படி ஆரம்பித்தவர்கள்தான். தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதை உள்ளே இருந்து பார்க்க வேறு வழியே இல்லை. அந்த நீதிபதி ஆயுளுக்கும் வழிகாட்டியாகவும் இருப்பார். டி.சி. சர்க்கியூட்டில் இன்னோர் இந்திய வம்சாவளி நீதிபதி நியோமி ராவ். பார்சி பெற்றோரின் மகள், சட்டப் பேராசிரியராக இருந்தவர், டிரம்ப் நியமித்தவர். சீனிவாசன் ஒபாமா நியமித்தவர். இரண்டு பேரும் கிளார்க்காக இருந்தது அதே வில்கின்சனிடம். சட்டத்தைப் பற்றி வேறு வேறு பார்வை உள்ள இருவரும் ஒரே அறையில் தொழில் பழகியிருக்கிறார்கள்.

கிளார்க் வேலைக்கு மதிப்பெண்ணும் எழுத்து மாதிரியும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் தடுமாறும் இடம் மூன்றாவதுதான். மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு பேராசிரியரின் அறைக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். வாத்தியாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நாமே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம். இங்கே கதவைத் திறந்து வைத்து நேரமும் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். போய்ப் பேச வேண்டும், ஆய்வுக்கு உதவ வேண்டும், 'உங்கள் கட்டுரையில் இந்த இடம் எனக்கு ஒப்பவில்லை' என்று சொல்கிற அளவுக்குப் பழக வேண்டும். இப்போது இளங்கலையிலேயே அவள் இதை ஆரம்பிக்கலாம்.

எந்தக் கல்லூரி என்பதைப் பணத்தோடு சேர்த்து யோசியுங்கள். பெரிய பெயர் உள்ள தனியார் சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 70,000 டாலரைத் தாண்டும், அப்படி மூன்று வருஷம். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண் 120 முதல் 180 வரை. அதில் நல்ல மதிப்பெண் வந்தால், ஒரு படி கீழே உள்ள கல்லூரி கட்டணத்தின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து கூப்பிடும். உங்கள் மாநிலத்திலேயே ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிலிருந்து வருஷா வருஷம் ஃபெடரல் நீதிபதிகளின் அறைகளுக்குப் போகிறார்கள். பெரிய கடனோடு வெளியே வருகிறவர், கடன் அடைக்கப் பெரிய நிறுவனத்தில் பல வருஷம் மாட்டிக்கொள்வார். அரசு வக்கீல், வசதியில்லாத குற்றவாளிக் கூண்டுக்காரர்களுக்காக அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் போன்ற வேலைகளின் சம்பளத்தில் அவரால் குடும்பம் நடத்த முடியாது. நீதிபதி ஆவதற்கு உதவும் வேலைகள் பெரும்பாலும் இந்தக் குறைந்த சம்பள வேலைகள்தான். ஆக, கடன் இல்லாமல் முடிக்கும் சட்டப் பட்டம் அவளுடைய கனவுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

குடியுரிமை. சாசனம் கேட்காவிட்டாலும் வழியெல்லாம் கேட்பார்கள். ஃபெடரல் அரசு வக்கீல் அலுவலகங்களில் குடியுரிமை வேண்டும். நீதிமன்றக் கிளார்க் வேலைக்கும் பொதுவாகக் குடியுரிமையோ, குடிமகளாகப் போகிறேன் என்று உறுதி சொல்லும் கிரீன் கார்டோ வேண்டும். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதால், கணக்குப் போட்டால் அவள் சட்டக் கல்லூரியில் இருக்கும்போதே தேதி வந்துவிடும். அந்த ஐந்து வருஷத்தில் வெளிநாட்டில் நீண்ட காலம் தங்குவது சிக்கல் தரும். ஒரு வருஷம் இந்தியாவில் வேலை, ஆராய்ச்சி என்று கிளம்புவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்சி விஷயத்தில் நான் உங்களிடம் பூசி மெழுகப் போவதில்லை. அதிபர் நியமிக்கிறார், செனட் ஓட்டுப் போடுகிறது. இரண்டுமே அரசியல் இடங்கள். அதிபர்கள் தங்கள் பார்வைக்கு ஒத்தவர்களைத்தான் தேடுகிறார்கள். சட்டக் கல்லூரிகளில் பழமைவாதப் பார்வை உள்ள ஃபெடரலிஸ்ட் சொசைட்டி ஒரு பக்கம், முற்போக்குப் பார்வை உள்ள அமெரிக்கன் கான்ஸ்டிட்யூஷன் சொசைட்டி இன்னொரு பக்கம். அந்த அரங்குகளில் கிடைக்கும் தொடர்புகள் பின்னால் உதவுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது சின்ன வயதினரைத் தேடிப் பிடிக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. 2019இல் நான்காவது சர்க்கியூட்டுக்கு வந்த அலிசன் ரஷிங்குக்கு அப்போது வயது 36. அப்படியென்றால் அவள் இப்போதே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இருபது வயதில், சாசனத்தை எப்படி வாசிப்பது என்பதில் அவளுக்கு ஒரு பார்வை இன்னும் உருவாகியிருக்காது, உருவாக நேரம் கொடுங்கள். பார்வை வந்தபின், நம்புவதை எழுதட்டும், நம்புகிறவர்களோடு சேரட்டும். வேலைக்காக நம்பிக்கையை வாங்கிக்கொண்டவர் கடைசியில் ஆயுள் பதவியில் உட்கார்ந்தாலும், யாருடைய கருத்தைத் தீர்ப்பாக எழுதுவார்?

செனட் நீதிக் குழுவின் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. இதுவரை வெளியிட்ட எல்லா எழுத்தும், பேசிய எல்லாப் பேச்சும், நடத்திய வழக்குகளில் முக்கியமான பத்தும் அதில் கேட்பார்கள். கல்லூரிப் பத்திரிகையில் கோபத்தில் எழுதிய கட்டுரைகூட அங்கே வந்து நிற்கும். எழுதாமல் இருக்கச் சொல்லவில்லை, அடுத்த நாளும் நியாயம் என்று படுவதை எழுதட்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டியபின் குழுவில் விசாரணை, பிறகு முழு செனட்டின் ஓட்டு. 2013 நவம்பருக்குப் பிறகு விவாதத்தை முடித்து ஓட்டுக்குக் கொண்டுவர சாதாரணப் பெரும்பான்மையே போதும். அந்த இடம் சேர்ந்த மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் எதிர்த்தால் மேல்முறையீட்டு நியமனம் நின்றுவிடும் என்ற பழக்கமும் 2018 வாக்கில் போய்விட்டது. ஆக, செனட் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இப்போது பெரிய கேள்வி.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: கிடைக்காமல் போனால்? பெரும்பாலும் கிடைக்காது, சகோதரி. தகுதி இல்லாமல் போவதால் அல்ல. ஓர் இடம் காலியாக வேண்டும், அந்த நேரம் பார்த்து ஒத்த பார்வை உள்ள அதிபர் இருக்க வேண்டும், செனட்டும் சாதகமாக இருக்க வேண்டும், அவளுக்கும் வயது பொருந்த வேண்டும். இது எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதற்கு டி.சி. சர்க்கியூட்டில் நடந்த ஒரே ஒரு கதை போதும். 1992இல் ஜான் ராபர்ட்ஸ் என்ற வக்கீலை அந்த நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார்கள், ஓட்டுக்கே வரவில்லை. 1999இல் எலெனா கேகனை முன்மொழிந்தார்கள், விசாரணைகூட நடக்காமல் காலாவதி ஆனது. கேகனுக்குக் கிடைக்காத அதே இருக்கைக்கு 2001இல் மறுபடி ராபர்ட்ஸை முன்மொழிந்தார்கள். அதுவும் இழுத்து, 2003இல்தான் முடிந்தது. கேகன் அதற்குள் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தி, அதன் தலைவர் ஆகி, பிறகு சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். ஒருநாள்கூட நீதிபதியாக இருக்காமல் 2010இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தலைமை நீதிபதியாக அங்கே உட்கார்ந்திருந்தது ராபர்ட்ஸ். அந்த இருவருக்கும் கதை நல்லபடி முடிந்தது. அவர்கள் அளவுக்குத் திறமை உள்ள எத்தனையோ பேருக்கு முடியவில்லை. அவர்கள் நல்ல வக்கீல்களாகவும் பேராசிரியர்களாகவும் இருக்கிறார்கள், என் எதிர்த் தரப்பில் நின்று என்னைத் திணறடித்திருக்கிறார்கள். அந்த வாழ்க்கையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நீதிபதி வேலையே வேண்டும் என்றால், விண்ணப்பம் போட்டுப் போகக்கூடிய கதவுகளும் இருக்கின்றன. ராமிரெஸ் இருந்த மாஜிஸ்திரேட் நீதிபதி பதவிக்கு விளம்பரம் வரும். குறைந்தது ஐந்து வருஷம் வக்கீலாக இருந்தவர் விண்ணப்பிக்கலாம், குழு வடிகட்டித் தரும் பெயர்களிலிருந்து மாவட்ட நீதிபதிகள் தேர்ந்தெடுப்பார்கள், எட்டு வருஷப் பதவி. திவால் நீதிமன்ற நீதிபதியை மேல்முறையீட்டு நீதிமன்றமே நியமிக்கும், 14 வருஷம். மாநில நீதிமன்றங்கள் வேறு உலகம். டெக்சாஸில் மாநில மேல்முறையீட்டு நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்கிறார்கள், அதற்கு ஓட்டுக் கேட்டு வீதியில் இறங்கும் மனசு வேண்டும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோரும் கேட்பார்கள். 2024 கணக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதிக்கு வருஷம் 2,57,900 டாலர். பெரிய சட்ட நிறுவனங்களில் அன்று சேர்ந்த புது வக்கீலுக்கே 2,25,000 கொடுத்தார்கள். முப்பது வருஷ அனுபவத்தோடு வரும் நீதிபதிக்கும் நேற்று பட்டம் வாங்கியவருக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான். வயதும் பணிக்காலமும் சேர்த்து 80 ஆனால், 65 வயதுக்கு மேல், முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறலாம், அல்லது சீனியர் நீதிபதியாக வழக்குகளைக் குறைத்துக்கொண்டு தொடரலாம். நிறையப் பேர் தொடர்கிறார்கள்.

இந்தக் கோடைக்கு அவளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஐந்தாவது சர்க்கியூட் தன் வாய்மொழி வாதங்களின் ஒலிப்பதிவை இணையதளத்தில் போடுகிறது, காசு இல்லை. இன்னும் தீர்ப்பு வராத ஒரு வழக்கை எடுக்கட்டும். உள்ளூர் சட்ட நூலகத்தில் உதவி கேட்டு இரண்டு தரப்பு எழுத்து வாதத்தையும் வாங்கிப் படிக்கட்டும். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு, எந்தக் கேள்வியில் எந்த வக்கீல் தடுமாறினார் என்று குறிக்கட்டும். அப்புறம் தானே மூன்று பக்கத்தில் தீர்ப்பு எழுதி, கீழே தேதி போட்டு வைக்கட்டும். உண்மையான தீர்ப்பு வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, தான் கவனிக்காமல் விட்டது எதை என்று பார்க்கட்டும். அதை அவளுடைய தாத்தாவிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தீர்ப்பு எழுதியே பழகிய கை அவருடையது, எங்கே வளவளவென்று போகிறது என்று அவர் சொல்லிவிடுவார். நாலைந்து வழக்கு இப்படிச் செய்தபின்னும் அடுத்ததைத் தானாகவே தேடினாள் என்றால், எல்சாட் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.